நர்ஸ் பேட்ஜில் சிப்: போட மாட்டேன் என்று சொல்லலாமா?

குன்னூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அடுத்த மாதத்திலிருந்து எல்லா நர்ஸுக்கும் சிப் வைத்த பேட்ஜ் தரப்போகிறார்களாம். யார் எந்த அறையில் எத்தனை நிமிடம் இருந்தார் என்று கணினியில் தெரியுமாம். பாத்ரூம் போனால்கூடப் பதிவாகுமாம். பேட்ஜ் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். இது சட்டப்படி சரியா, போட மாட்டேன் என்று சொல்லலாமா? சிஸ்டர், நீங்கள் கேட்டிருப்பது சட்டம்தான். ஆனால் கேள்வியைப் படித்தால் அதற்கு அடியில் ஒரு பயம் இருப்பது தெரிகிறது. நாளைக்கு ஒரு நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாலோ, ஊசி போடத் தாமதமானாலோ, இந்தப் பதிவைக் காட்டி "நீ அந்த நேரத்தில் அங்கே இல்லை" என்று மெமோ கொடுப்பார்களா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நான் நீலகிரியிலேயே நர்ஸாக வேலை பார்த்து, வார்டு இன்சார்ஜாக இருந்து, பிறகு கணினிப் பிரிவுக்கும் வார்டுக்கும் நடுவில் ஆளாக ஓடிக்கொண்டிருந்தவள். இந்த மாதிரிக் கருவிகளை விற்க வருபவர்கள் காட்டும் படங்களைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நைட் டியூட்டி பார்த்தவர்கள் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். வக்கீல் அல்ல. சட்டப் பகுதியை மட்டும் ஒரு தொழிலாளர் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேட்ஜ்களில் மலிவாகக் கிடைப்பது புளூடூத் வகை. உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சில நொடிக்கு ஒருமுறை பேட்ஜ் தன் எண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கூரையிலோ பிளக் பாயிண்டிலோ பொருத்திய ரிசீவர்கள் அதைப் பிடிக்கும். எந்த ரிசீவருக்கு சிக்னல் பலமாகக் கிடைத்ததோ, ஆள் அங்கே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அதாவது திரையில் தெரிவது ஓர் ஊகம். சில மீட்டர் முன்னே பின்னே போவது இந்த வகையில் சாதாரணம். அடுத்தடுத்த இரண்டு அறைகளில் எது என்று குழம்ப அந்தச் சில மீட்டரே போதும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், புளூடூத் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். நீங்கள் நோயாளியின் மேல் குனிந்து கேனுலா (மருந்தேற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடும்போது பேட்ஜ் உங்கள் உடம்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது, ரிசீவருக்குப் போகும் சிக்னல் தேய்கிறது. எங்கே மிக நெருக்கமாக வேலை செய்கிறீர்களோ அங்கேதான் கருவிக்கு உங்களைச் சரியாகத் தெரியாது.

அகச்சிவப்புக் கதிர் வகை இன்னொன்று. ஒளி சுவரைத் தாண்டாது என்பதால் அறையைச் சரியாகச் சொல்லும், விலையும் அதிகம். ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் யூனிஃபார்ம் மேலே ஸ்வெட்டர் போடாத நர்ஸ் யார்? பேட்ஜ் ஸ்வெட்டருக்கு உள்ளே போனால் ஒளி வெளியே வராது, கணினியில் ஆள் காணாமல் போய்விடுவார். கட்டடமும் ஒரு பிரச்சினை. வெள்ளைக்காரர் காலத்துக் கல் சுவர் புளூடூத் சிக்னலைத் தின்றுவிடும், மரத் தளம் தாராளமாக விட்டுவிடும். அதனால் பக்கத்து அறையில் இருப்பவர் தெரியாமல், மாடியில் நடப்பவர் கீழ்த்தளத்தில் இருப்பதாகக் காட்டுவதற்கு இடமுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், யூ.பி.எஸ். இல்லாத ரிசீவர்கள் அணைந்துவிடும். அந்த நேரம் முழுக்கப் பதிவில் ஓட்டை விழும். ஓட்டை "ஆள் இல்லை" என்று அச்சாகிறதா, "பதிவு இல்லை" என்று அச்சாகிறதா என்பது மென்பொருளை எழுதியவரின் விருப்பம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

சமவெளியில் ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். மாதாந்தர அறிக்கையில் ஒரு சிஸ்டர் இரவில் நெடுநேரம் உடை மாற்றும் அறையில் இருந்ததாக வந்தது. இன்சார்ஜ் கூப்பிட்டு விசாரித்தார். அந்த நேரத்தில் அவர் லேபர் ரூமில் கவுன் போட்டு ஒரு பிரசவத்தில் நின்றிருந்தார். பேட்ஜ், கழற்றி மாட்டிய ஸ்வெட்டரிலேயே இருந்தது. பிரசவப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்ததால் தப்பித்தார். பேட்ஜ் எங்கே இருந்தது என்பதைக் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அறிக்கையின் தலைப்பில் மட்டும் "நர்ஸ் இருந்த இடம்" என்று போட்டிருந்தார்கள்.

ஆகவே உங்கள் பயத்துக்கு என் பதில்: மெமோ கொடுக்க முடியும், கொடுக்கவும் செய்வார்கள். ஆனால் தனியாக இந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் கடமை தவறினார் என்று நிறுவுவது பலவீனமான வாதம். கேஸ் ஷீட்டில் நீங்கள் நேரம் போட்டு எழுதிய வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம் போன்ற அளவுகள்), மருந்துச் சீட்டில் உள்ள கையெழுத்து, பதிவேடுகள், இவைதான் உங்களைக் காப்பாற்றும். வேலை முடிந்ததும் உடனே எழுதுங்கள், அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் மொத்தமாக எழுத வேண்டாம். மெமோ வந்தால் சுருக்க அறிக்கைக்குப் பதில் சொல்லாதீர்கள். அந்த இரவின் முழுப் பதிவையும், அதில் எந்த ரிசீவர் எப்போது அணைந்திருந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உள் விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் எல்லா விதிகளும் அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் உங்களுக்கு எதிராகக் காட்டும் ஆவணத்தின் நகலைத் தருவது இயற்கை நீதியின், அதாவது தண்டிக்கும் முன் எதிர்ப்பக்கத்தையும் கேட்க வேண்டும் என்பதன், அடிப்படை. வழக்கு நீதிமன்றம் வரை போனால் மின்னணுப் பதிவுக்கு 2023இன் பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேட்ஜிலேயே ஆபத்து பட்டன் இருந்தால், நள்ளிரவில் குடித்துவிட்டு வரும் நோயாளியின் அட்டெண்டர் (துணைக்கு இருப்பவர்) கையை ஓங்கும்போது எந்த வார்டு என்று செக்யூரிட்டிக்கு உடனே தெரியும். தாக்கினால் தண்டிக்க 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த நிமிடத்தில் உதவிக்கு ஆள் வர சட்டம் போதாது, பட்டன் உதவும். காசநோய் உறுதியான ஒருவரிடம் யார் யார் நெருங்கி இருந்தார்கள் என்று தேடவும் பதிவு பயன்படும். வீல்சேர், மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் இவற்றில் ஒட்டினால் தேடி அலையும் நேரம் மிச்சம். 2008இல் அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் 767 நர்ஸ்களை வைத்து நடந்த ஒரு நேர ஆய்வு வெளியானது. எழுத்து வேலைக்கே நேரத்தில் 35 சதவீதத்துக்கு மேல் போகிறது, நோயாளியின் நேரடிப் பராமரிப்புக்கு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. அங்கே யாரிடமும் குற்றம் கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை, வேலை எப்படிப் பங்காகிறது என்று பார்த்தார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் சாதாரண மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் (மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது) 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ். நைட்டில் ஒரே ஆள் முழு வார்டையும் பார்க்கும் இடத்தில், காலிங் பெல்லுக்குப் போக ஏன் நேரமாகிறது என்பதற்கு இதே பேட்ஜ் பதிவே சாட்சி சொல்லும். நிர்வாகம் அந்தக் கோணத்தில் அறிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேட்கலாம். கேட்டால் பல கூட்டங்களில் பேச்சு சட்டென்று மாறிவிடும், அது வேறு கதை.

கை கழுவுவதைக் கண்காணிக்கத்தான் என்று சொல்லி பேட்ஜ் கொண்டுவருவதும் உண்டு. இதில் ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நியூயார்க் அருகே ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கேமரா வைத்தார்கள். வெறுமனே பார்த்தபோது 10 சதவீதத்துக்கும் கீழே இருந்த கை கழுவும் விகிதம், முடிவுகளை உடனுக்குடன் பலகையில் காட்ட ஆரம்பித்ததும் 80ஐத் தாண்டியது. 2012இல் அதை வெளியிட்டார்கள். அந்தக் கேமராப் படங்களை உட்கார்ந்து பார்த்து எண்ணியவர்கள் இந்தியாவில் இருந்த ஊழியர்கள்! அமெரிக்க நர்ஸ் கை கழுவினாரா என்று நம் ஊர்ப் பிள்ளைகள் சரிபார்த்திருக்கிறார்கள். ஆனால் 2017இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 71 பிரிவுகளில் தனிநபர் பேட்ஜ் மூலம் கண்காணித்தபோது கை கழுவுவது கூடியது. கண்காணிப்பை நிறுத்தியதும், ஆரம்பத்தில் இருந்த அளவுக்கும் கீழே போய்விட்டது. பேட்ஜ் போட்டால் கை கழுவுவது கூடும் என்பது உறுதி. அந்தப் பழக்கம் தானாக நிலைக்கும் என்பது உறுதியல்ல, தலைகீழாகவும் போகலாம். நர்ஸ் எங்கே நிற்கிறார் என்று நிமிடக் கணக்கில் பார்ப்பதால் நோயாளி சீக்கிரம் குணமாகிறார் என்பதற்கு வலுவான ஆதாரம் இதுவரை கிடையாது. விற்க வருபவர் அப்படிச் சொன்னால் ஆய்வைக் காட்டச் சொல்லுங்கள். "என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கு வேண்டும்" என்பார்கள் (மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம் அது). என்.ஏ.பி.எச். தரக் குறியீடுகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது, கை சுத்தம் உட்பட. அதற்காக நர்ஸ் கழுத்தில் சிப் மாட்ட வேண்டும் என்று கேட்பதில்லை.

இனி சட்டம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது அரசுக்கு எதிராக நேரடியாகப் பொருந்தும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அரசு மருத்துவமனையில் இருப்பவர்கள், இந்தக் கண்காணிப்புக்குச் சட்ட ஆதாரம் உண்டா, நோக்கம் நியாயமானதா, அளவுக்கு மீறாமல் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். தனியார் நிர்வாகத்தின் மேல் அதைப் பிடிப்பது சுற்று வழி. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் நடைமுறைக்கு வருகின்றன. "புதுச் சட்டம் இருக்கிறது, நம் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிவிடாதீர்கள். அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த இடம் தருகிறது. அதைவிடக் கசப்பான விஷயம், தரவைப் பார்க்கவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைச் சட்டம் சம்மதம் கொடுத்தவர்களுக்கே எழுதி வைத்திருக்கிறது. சம்மதம் கேட்காமலே எடுத்தால் அந்த உரிமையும் கிடைப்பது சந்தேகம். புகார் செய்து பதில் பெறும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு. நிமிடத்துக்கு நிமிடம் இருப்பிடம் பார்ப்பது "வேலைவாய்ப்பு நோக்கம்" என்ற சொல்லுக்குள் முழுக்க அடங்குமா என்பது இனிமேல் நீதிமன்றங்கள் சொல்ல வேண்டியது.

விரல் ரேகைக்கு வேறு கணக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி ரேகை, முகம் போன்றவை கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் சென்சிட்டிவ் தரவு, எடுக்க எழுத்துச் சம்மதம் வேண்டும். இருப்பிடம் அந்தப் பட்டியலில் இல்லை. (உறைபனிக் காலத்தில் ஹேண்ட்ரப் (கை சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவம்) தேய்த்துத் தேய்த்து விரல் வெடித்துப்போய், காலை ஷிஃப்டில் பஞ்ச் மெஷின் ரேகையை ஏற்காமல் வரிசையில் நிற்பது இந்த ஊர் நர்ஸ்களுக்குப் பழகிய கதை. அந்தத் தாமதத்தையும் அன்றன்றே பதிவேட்டில் எழுத வையுங்கள்.) கேமரா பற்றித் தயக்கமே வேண்டாம். உடை மாற்றும் அறையில் கேமரா வைப்பது குற்றம், நிர்வாகம் என்ன காரணம் சொன்னாலும் போலீசுக்குப் போகலாம். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: மருத்துவக் கல்லூரிகளில் ஆதார் வழி முகப் பதிவு என்று செய்தியில் வருவது தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரிய மருத்துவர்களுக்குப் போட்ட விதி. அதைக் காட்டி நர்ஸுக்கும் கட்டாயம் என்றால் ஆணையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிராம சுகாதார செவிலியர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. குந்தா, கோத்தகிரிச் சரிவுகளில் ஃபோன் செயலியில் ஜி.பி.எஸ். உங்கள் இருப்பிடத்தைத் தவறாகக் காட்டினால் மூடுபனி மேல் பழி போடாதீர்கள், பனிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. செங்குத்துச் சரிவும் அடர்ந்த சோலையும் வானத்தை மறைப்பதுதான் காரணம். டவர் இல்லாத இடத்தில் எடுத்த படம் பிறகு மேலேறும்போது, எடுத்த நேரம் பதிவாகிறதா, மேலேறிய நேரம் பதிவாகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் ஹரியானா ஆஷா பணியாளர்கள் (கிராமத்து சுகாதாரத் தொண்டர்கள்) ஃபோனில் போடச் சொன்ன கண்காணிப்புச் செயலியை எதிர்த்துக் கூட்டாகப் போராடினார்கள். தனித்தனியாக மறுத்திருந்தால் தனித்தனியாகவே மாட்டியிருப்பார்கள்.

அதனால் சிஸ்டர், "போட மாட்டேன்" என்று நீங்கள் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டாம். மேலதிகாரியின் உத்தரவை மீறியதாக அதையே குற்றமாக்க முடியும். முடிந்தவரை எல்லா வார்டு சிஸ்டர்களும் சேர்ந்து, நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மரியாதையாக, ஆனால் தேதி போட்டு, நகலில் சீல் வாங்கிக்கொண்டு. பேட்ஜ் எதற்காக, பதிவை யார் யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கழிப்பறை, உடை மாற்றும் அறை, பால் கொடுக்கும் அறை இவற்றின் பக்கத்தில் ரிசீவர் வைக்கக் கூடாது, வைத்தாலும் அந்த இடங்களைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதுங்கள். மென்பொருளில் அப்படி ஓர் இடத்தை மறைப்பது சாதாரண அமைப்பு வேலை, "முடியாது" என்றால் விருப்பம் இல்லை என்று பொருள். மெமோவுக்கோ இன்க்ரிமெண்டுக்கோ இந்தப் பதிவை மட்டும் ஆதாரமாக எடுக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். தரவு எந்தக் கம்பெனி சர்வரில் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களே தாக்கப்பட்டு, வாரக்கணக்கில் சீட்டில் எழுதி ஓட்டினார்கள். சிறிய மருத்துவமனையின் பாதுகாப்பு அதைவிடப் பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹாஸ்டல் விஷயத்தில் கறாராக இருங்கள். இந்த மலையில் பாதி நர்ஸ்கள் மருத்துவமனை வளாகத்து ஹாஸ்டலில்தான் இருக்கிறோம். கடைசி பஸ் போய்விட்டால் வேறு வழி இல்லை. பேட்ஜோடு அறைக்குப் போனால், டியூட்டி முடிந்த பிறகு எப்போது வெளியே போனீர்கள், எப்போது வந்தீர்கள், எந்த அறையில் யாரோடு இருந்தீர்கள் என்பதெல்லாம் ரிசீவர் எட்டும் தூரம் வரை பதிவாகும். வார்டன் கேட்கக்கூட வேண்டியதில்லை. இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு: ஹேண்டோவர் முடிந்ததும் பேட்ஜை வார்டு ஸ்டேஷனில் ஒரு பெட்டியில் போட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது. அடுத்த டியூட்டிக்கு வந்து எடுத்துக்கொள்வது. நிர்வாகத்தின் நோக்கம் உண்மையிலேயே வார்டு வேலைதான் என்றால் இதை மறுக்கக் காரணமே இருக்காது. கடிதத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

பெட்டியில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் தொலைவது பற்றிய உங்கள் கடைசிக் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு: ஊழியரிடம் ஒப்படைத்த பொருள் அவருடைய அலட்சியத்தால் தொலைந்தால் சம்பளத்தில் பிடிக்க ஊதியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது, பொருளின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரு மாதப் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பேட்ஜின் விலை என்ன என்று பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கும்போது ஒப்புதல் தாளில் அந்த விலையை எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.